தட்டினால் திறக்கும்... தட்டியதெல்லாம் பதியும்!

விடுதிக் கதவு, மெஸ் சாப்பாடு, நூலகப் புத்தகம், வகுப்பு வருகை என மாணவரின் முழு நாளையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்துவிட்டன உலகப் பல்கலைக்கழகங்கள். அந்த அட்டை சேர்த்துவைக்கும் கணக்கை யார் படிக்கிறார்கள்? எதற்காகப் படிக்கிறார்கள்?

2016 மார்ச் மாதம். சீனாவின் நான்ஜிங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவுக்கூடம். தட்டில் சோறும், இருப்பதிலேயே விலை குறைந்த காய்கறியுமாக வரிசையில் நகர்ந்துவரும் மாணவர், கவுன்ட்டரில் இருக்கும் கருவியின் மேல் தன் அடையாள அட்டையை வைக்கிறார். சாப்பாட்டுக்கான தொகை கழிகிறது. மீதி திரையில் ஒளிர்கிறது. இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது. வீட்டிலிருந்து யாரும் பணம் அனுப்பவில்லை. உதவி கேட்டு அவர் எந்த விண்ணப்பமும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் அட்டையில் பணம் ஏறியிருக்கிறது.

அந்த மாதம் இப்படிப் பணம் ஏறிய அட்டைகள் மொத்தம் 301.

பல்கலைக்கழகம் செய்தது இதுதான். 2015 செப்டம்பர் முதல் நவம்பர் வரை இளநிலை மாணவர்கள் 16,000 பேருக்கு மேற்பட்டோரின் உணவுக்கூடக் கணக்கை எடுத்துப் பார்த்தது. மாதத்தில் 60 வேளைக்கு மேல் அங்கேயே சாப்பிட்டும், மொத்தச் செலவு 420 யுவானைத் தாண்டாதவர்கள் யார் என்று தேடியது. அதாவது, வேளைக்கு 7 யுவான்கூடச் செலவழிக்க முடியாதவர்கள். கணினி தந்த பட்டியலை அந்தந்தத் துறைகளிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகு, 420 யுவானுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அவரவர் அட்டையில் நேரடியாக ஏற்றிவிட்டது. ஒருவருக்கு 11 யுவான், இன்னொருவருக்கு 340 யுவான். அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டவில்லை. மேடைக்கு அழைத்துக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கவும் இல்லை.

நம் ஊரில் ஒரு மாணவர் உதவித்தொகை பெற வேண்டுமானால் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடையாய் நடக்க வேண்டும். வறுமையை மூன்று பேர் முன்னால் நிரூபிக்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே கேட்காமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களின் பசியை அவர்கள் வாய் திறக்காமலே கண்டுகொண்டது நான்ஜிங்கின் அட்டை. ஹெஃபெய் நகரில் உள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதே வகை மறைமுக உதவியை 2004லேயே தொடங்கிவிட்டது.

ஆனால், அதே கணக்கு தவறான கதையையும் சொல்லும். ஷாங்காயின் கிழக்குச் சீன நார்மல் பல்கலைக்கழகத்தில் 2013ல் ஒரு மாணவிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கடந்த மாதம் உணவுக்கு அவர் குறைவாகவே செலவழித்திருப்பதாகவும், பணக் கஷ்டம் ஏதாவது இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. மாணவிக்குப் பணக் கஷ்டம் எதுவும் இல்லை; உடம்பை இளைக்கச் சாப்பாட்டைக் குறைத்திருந்தார். அந்தக் குறுஞ்செய்தி இணையத்தில் பரவியபோது பல்லாயிரம் பேர் நெகிழ்ந்து பாராட்டினார்கள். பல்கலைக்கழகம் காட்டிய அக்கறை உண்மையானதுதான். ஒரு பெண் என்ன சாப்பிடுகிறார், எப்போது குறைத்தார் என்பது வரை ஓர் அலுவலகத்துக்குத் தெரிகிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

மாணவர் ஸ்மார்ட் கார்டு பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

லேமினேஷனிலிருந்து சிப் வரை

ஒரு காலத்தில் அடையாள அட்டை என்பது புகைப்படம் ஒட்டி, முதல்வர் கையெழுத்துப் போட்டு, லேமினேஷன் செய்த காகிதம். நூலகத்துக்காக அதில் பார்கோடு வந்தது. 1980களில் அமெரிக்கக் கல்லூரிகளில் முதுகில் கறுப்புக் காந்தப்பட்டையோடு மெஸ் கார்டாக வளர்ந்தது. 1990களில் சிப் ஏறியது. இங்கிலாந்தின் எக்ஸிடர், யார்க் பல்கலைக்கழகங்கள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ‘மாண்டெக்ஸ்’ என்ற மின்பணத்தை மாணவர் அட்டையில் ஏற்றிப் பார்த்தன. 1995ல் ஸ்விண்டன் நகரில் சோதனையாகத் தொடங்கிய அந்த மின்பணம் நாடு முழுக்கப் பரவாமலே மறைந்துபோனது. வளாகத்துக்குள் நிலைத்து நின்றவை மெஸ் கணக்கும் கதவுப் பூட்டும்தான்.

காரணம் எளிது. பல்கலைக்கழகம் ஒரு சிறு ஊர். அங்கே குடியிருப்பவர்கள் யார் யார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். கடைகள் எத்தனை, கதவுகள் எத்தனை என்பதும் தெரியும். வெளியுலகில் ஒரு புதிய அட்டையை ஏற்கும்படி ஆயிரம் வியாபாரிகளிடம் மன்றாட வேண்டும். வளாகத்துக்குள் ஒரு சுற்றறிக்கை போதும்.

―――――――――――――
பெட்டிச் செய்தி

தட்டும்போது என்ன நடக்கிறது?

* அட்டைக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய கம்பிச்சுருளும் ஒரு சிப்பும் மட்டுமே உள்ளன. கருவியிலிருந்து வரும் ரேடியோ அலையே சிப்புக்கு மின்சாரம்.

* பெரும்பாலான அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் பேசும்.

* பல அமைப்புகளில் கதவைத் திறக்கலாமா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று முடிவெடுப்பது அட்டை அல்ல. பின்னால் இருக்கும் சர்வர்.

* ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வரில் ஒரு வரி பதிவாகும்: அட்டை எண், கருவி எண், நேரம். அதாவது யார், எங்கே, எப்போது. இந்தக் கட்டுரையில் வரும் நன்மைக்கும் தீமைக்கும் பெரும்பாலும் வேர் இந்த ஒற்றை வரிதான்.
―――――――――――――

சாவி, பணப்பை, பஸ் பாஸ்

நாடுகள் ஒவ்வொன்றும் தங்கள் தேவைக்கு ஏற்ப அட்டைக்கு வேலை கொடுத்திருக்கின்றன. ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர் ஒரு தானியங்கி இயந்திரத்தில் அட்டையைச் செருகுகிறார்; பழைய தேதி அழிந்து, புதிய பருவத்துக்கான தேதி அதே அட்டையில் அச்சாகி வருகிறது. உணவுக்கூடத்தில் காசு கொடுக்கவும், நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் அதே அட்டை. பல நகரங்களில் அது பயணச்சீட்டாகவும் இருந்தது. 2024ல் நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாணவர் பயணச்சீட்டு அறிமுகமானபோது அதன் மாதக் கட்டணம் 29.40 யூரோ. பொதுமக்கள் அப்போது கொடுத்த 49 யூரோவில் அது 60 சதவீதம்.

ஹாங்காங் எதிர்த்திசையில் போனது. அங்கே 1997ல் போக்குவரத்துக்காக வந்த ‘ஆக்டோபஸ்’ அட்டை ஏற்கெனவே எல்லார் கையிலும் இருந்தது. அதிலேயே ‘இவர் முழுநேர மாணவர்’ என்ற தகுதியை ஏற்றிவிட்டார்கள். தகுதி ஏறிய அட்டைக்கு மெட்ரோ ரயிலின் பெரும்பாலான தடங்களில் பாதிக் கட்டணம். மாணவரிடம் தனியாகச் சான்று கேட்க நுழைவாயிலில் ஆள் தேவையில்லை.

பிரான்ஸ் செய்தது இன்னும் நுட்பமானது. அரசு நடத்தும் மாணவர் உணவகங்களில் முழுச்சாப்பாட்டின் மாணவர் விலை 3.30 யூரோவாக இருந்தது. 2020ல் கல்வி உதவித்தொகை பெறுபவர்களுக்கு மட்டும் அது 1 யூரோவாகக் குறைக்கப்பட்டது. கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில், அந்தச் சலுகையை எல்லா மாணவர்களுக்கும் தற்காலிகமாக விரித்தார்கள். இரண்டு விலைகள் இருந்தபோது, யாருக்கு எந்த விலை என்பது மாணவர் அட்டையோடு இணைந்த ‘இஸ்லி’ கணக்குக்குத் தெரிந்திருந்தது. ஒரே வரிசை, ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி தட்டல். பக்கத்தில் நிற்பவர் 3.30 கொடுத்தாரா 1 யூரோ கொடுத்தாரா என்பது அட்டைக்கும் கருவிக்கும் இடையிலேயே முடிந்துவிட்டது. ஏழைப் பிள்ளைக்குத் தனி வரிசை, தனி டோக்கன் என்ற அவமானத்தைத் தொழில்நுட்பம் துடைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

2018 அக்டோபரில் அட்டையே கரைந்து கைபேசிக்குள் போனது. அமெரிக்காவின் டியூக், அலபாமா, ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களில் ஐபோனையோ ஆப்பிள் கைக்கடிகாரத்தையோ காட்டினால் விடுதிக் கதவு திறந்தது. துணி துவைக்கும் இயந்திரம் ஓடியது. சாப்பாட்டுக் கணக்கு கழிந்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ்டவுன், கிளெம்சன் உள்ளிட்ட பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் வரிசையில் சேர்ந்தன. அட்டையைத் தொலைத்துவிட்டு அபராதம் கட்டும் மாணவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அட்டையை மறந்தாலும் கைபேசியை யாரும் மறப்பதில்லை. அதே நேரம், விலை உயர்ந்த கைபேசி இல்லாத மாணவருக்குப் பழைய அட்டை எல்லாக் கதவுகளிலும் தொடர்ந்து செல்லுபடியாக வேண்டும் என்ற கடமையும் பல்கலைக்கழகத்தின் தலையில் ஏறியது.

‘புராக்ஸி’ போய்விட்டதா?

மாணவர்கள் ஒருபோதும் கேட்காத, நிர்வாகங்கள் மிகவும் விரும்பும் பயன் ஒன்று உண்டு. வருகைப் பதிவு.

தமிழ்நாட்டில் இதன் கனம் எல்லோருக்கும் தெரியும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவம் போன்ற காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். பேராசிரியர் பெயர் கூப்பிட, நண்பன் குரல் மாற்றி ‘உள்ளேன்’ சொன்ன காலத்தில் அந்தக் கணக்கில் கொஞ்சம் மனிதத்தன்மை ஒட்டியிருந்தது. கருவிக்கு அது கிடையாது. ஆனால் ஏமாற்றுவது நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஒரே மாணவர் நான்கு நண்பர்களின் அட்டைகளையும் சேர்த்துத் தட்டிவிட்டுப் போக முடியும். அட்டை வகுப்புக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான் பதிவு சாட்சி. ஆள் வந்தார் என்பதற்கு அல்ல. அந்த ஓட்டையை அடைக்கவே நிர்வாகங்கள் விரல்ரேகைக்கும் முக அடையாளத்துக்கும் தாவுகின்றன. தொலைந்த அட்டைக்கு வேறு அட்டை வாங்கலாம். கசிந்த விரல்ரேகைக்கு மாற்று விரல் கிடையாது.

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் 2010ல் பெரிய வகுப்பறைகளின் வாசலில் மாணவர் அட்டையை உணரும் கருவிகளைப் பொருத்தத் திட்டமிட்டது. மந்தநிலையிலிருந்து மீள மத்திய அரசு தந்த ஊக்கநிதியிலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் வளர்ந்தவர்கள், வகுப்புக்கு வருவதும் வராததும் அவர்கள் முடிவு என்று மாணவர்கள் எதிர்த்தார்கள். பத்தாண்டுக்குள் அட்டையைத் தட்டவே வேண்டாம் என்ற நிலை வந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு பெரிய வகுப்பறையில் நுழைந்ததுமே மாணவரின் கைபேசியைப் புளூடூத் கருவி கண்டுகொண்டு வருகை போட்டதை 2019 இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விரிவாக எழுதியது. அதே வகை செயலியை ஏறத்தாழ 40 கல்வி நிறுவனங்கள் அப்போது பயன்படுத்தின.

கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு விசா பெற ஆதரவளிக்கும் பல்கலைக்கழகம், அவர் படிக்கிறாரா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை வர வேண்டிய இடத்துக்கு வராவிட்டால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. 2012 ஆகஸ்ட்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இழந்தது. மாணவர்கள் வகுப்புக்கு வந்ததற்கு முறையான ஆதாரம் இல்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிப் படிப்பில் வேறு இடம் தேட வேண்டிய நெருக்கடிக்கு ஆளானார்கள். உரிய விசாவோடு ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கல்வியாண்டைத் தொடரலாம் என்று உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் கொடுத்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு வருகையைப் பதிவு செய்வதில் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் காட்டும் கவனம் பல மடங்கு கூடியது. வகுப்பறை வாசலில் தட்ட மறப்பது அங்கே ஒரு தமிழ் மாணவருக்கு வெறும் மறதியாக முடியாது. விசா வரை போகக்கூடியது.

படிப்பை விடப்போவது யார்?

தட்டல்களை அடுக்கிவைத்தால் எதிர்காலமும் தெரியுமா? அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதா ராம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அங்கே ‘கேட்கார்டு’ என்ற மாணவர் அட்டை வளாகத்தில் ஏறத்தாழ 700 இடங்களில் பயன்பட்டது. முதலாண்டு மாணவர்களின் மூன்று ஆண்டுத் தட்டல்களைப் பெயர் நீக்கிய வடிவில் பெற்று அவருடைய குழு ஆராய்ந்தது.

ஒரே இடத்தில், அடுத்தடுத்த நொடிகளில், திரும்பத் திரும்பச் சேர்ந்து பதிவாகும் இரண்டு அட்டைகள் நண்பர்களுடையவை என்று ஊகிக்கலாம். வாரம் செல்லச் செல்ல அந்த நட்பு வட்டம் வளர்கிறதா சுருங்குகிறதா, அன்றாடப் பழக்கத்தில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் 12 வாரத் தரவிலேயே, அடுத்த ஆண்டு திரும்பி வராமல் போகக்கூடியவர்களை 85 முதல் 90 சதவீதத் துல்லியத்தோடு கணிக்க முடிந்ததாக 2018ல் பல்கலைக்கழகம் அறிவித்தது. மதிப்பெண் குறைவதற்கு முன்பே, தனிமையில் வாடும் மாணவரைத் தேடிப் போய்ப் பேச இது வழி செய்யும் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை.

எதிர்ப்பும் உடனே வந்தது. குளிர்பான இயந்திரத்தில் காசு கட்டிய மாணவர், அந்தத் தட்டல் தன் நட்பை அளக்கப் பயன்படும் என்று ஒப்புக்கொண்டாரா? ஆய்வில் பெயரை நீக்கலாம்; உதவி செய்ய வேண்டுமானால் பெயரைத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும். ‘இவர் படிப்பை விடக்கூடியவர்’ என்ற முத்திரை ஆலோசகரின் மேசைக்குப் போகும்போது, அது அக்கறையாகவும் மாறலாம். கூச்ச சுபாவம் உள்ள, தனியே இருக்க விரும்பும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவர் மீது குத்திய முத்திரையாகவும் மாறலாம். நான்ஜிங்கில் கணினியின் பட்டியலை மனிதர்கள் சரிபார்த்தார்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் எந்தத் திட்டமும் ஆபத்தானது.

அட்டையோடு வந்த வங்கி

ஸ்மார்ட் கார்டு முறைக்குச் செலவு அதிகம். கதவுக்கு ஒரு கருவி, கடைக்கு ஒரு கருவி, சர்வர், பராமரிப்பு, ஆள். அந்தச் செலவைப் பகிர வங்கிகள் முன்வருகின்றன. ஸ்பெயினின் சான்டான்டர் வங்கி 1990களிலிருந்தே பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு மாணவர் அட்டைகளை வெளியிட்டு வருகிறது. இன்றைய மாணவர் நாளைய வாடிக்கையாளர் என்பது வங்கியின் கணக்கு.

இந்தக் கூட்டு எங்கே தவறும் என்பதை அமெரிக்கா பார்த்தது. அங்கே ‘ஹையர் ஒன்’ என்ற நிறுவனம், கல்விக் கட்டணம் போக மீதமாகும் உதவித்தொகையை மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலையைப் பல கல்லூரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. கல்லூரிச் சின்னம் பளிச்சென்று தெரியும்படி வைத்து, தன்னிடம் கணக்குத் தொடங்க மாணவர்களை ஈர்த்தது. கணக்கே தொடங்காமல் பணத்தைப் பெற வழி உண்டு என்பதையும், கணக்குக்கு என்னென்ன கட்டணம் என்பதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று ஒழுங்குமுறை அமைப்புகள் குற்றம் கண்டன. 2015 டிசம்பரில் மாணவர்களுக்குச் சுமார் 5.5 கோடி டாலரைத் திருப்பித் தரும்படி உத்தரவாயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் பல லட்சம் பேர். அதே ஆண்டு அமெரிக்கக் கல்வித் துறை புதிய விதிகளைக் கொண்டுவந்தது: மாணவருக்குப் பாரபட்சமின்றி எல்லா வழிகளையும் காட்ட வேண்டும், நிறுவனத்தோடு கல்லூரி போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

ஒப்பந்தத்தை வெளியிடுவது என்ற அந்த ஒரு விதி நம் பல்கலைக்கழகங்களுக்கும் உடனே தேவை.

உடைந்த பூட்டுகள்

2003 ஏப்ரல். ஜார்ஜியா டெக் உள்ளிட்ட பல அமெரிக்க வளாகங்களில் ஓடிய அட்டை முறையின் பலவீனங்களை விளக்க இரு மாணவர்கள் அட்லாண்டாவில் ஒரு மாநாட்டில் பேசவிருந்தார்கள். அந்த முறையை விற்ற பிளாக்போர்டு நிறுவனம் நீதிமன்றம் போய் அவர்கள் பேசத் தடை வாங்கியது. சில மாதங்களில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஓட்டையைச் சொன்னவர்களின் வாயை அடைத்தார்கள். ஓட்டை அப்படியே இருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் முடிவு வேறாக அமைந்தது. உலகெங்கும் பேருந்து அட்டைகளிலும் கதவு அட்டைகளிலும் நூறு கோடிக்கும் மேல் விற்றிருந்த ‘மைஃபேர் கிளாசிக்’ சிப்பின் ரகசியக் குறியீட்டை ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்தார்கள். அதன் சாவியின் நீளம் வெறும் 48 பிட். அட்டையை நகலெடுக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. தயாரிப்பு நிறுவனமான என்.எக்ஸ்.பி. ஆய்வுக் கட்டுரையைத் தடுக்க வழக்குத் தொடுத்தது. 2008 ஜூலை 18 அன்று ஆர்ன்ஹெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. ஆய்வை வெளியிடுவது கருத்துச் சுதந்திரம் என்றும், சேதம் ஏதும் வந்தால் அதற்குக் காரணம் குறையுள்ள சிப்தான் என்றும் சொன்னது.

கதவைத் திறக்கும் அட்டையை நகலெடுக்க முடிந்தால், விடுதி அறைக்குள் வேறு யாரோ நுழைய முடியும். நுழைந்தது நீங்கள்தான் என்று பதிவேடும் சொல்லும். உடைந்த சிப்பின் மேல் கட்டிய பதிவேட்டை ஒழுங்கு நடவடிக்கைக்குச் சாட்சியாக ஏற்பது அநீதி. ஒரு கல்லூரி இன்று புதிதாக அட்டை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, உள்ளே எந்த சிப் இருக்கிறது என்பதை.

விடுதி வாசலில்

நம் நாட்டில் இந்தப் பதிவுகளின் பாரம் எல்லார் மேலும் ஒன்றுபோல் விழுவதில்லை. பல கல்லூரிகளில் ஆண்கள் விடுதிக்கு இரவு பதினோரு மணிக்கு வந்தாலும் கேட்பாரில்லை. பெண்கள் விடுதியிலோ அதற்கு வெகு முன்பே வாசல் பூட்டப்படும். இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 2015ல் டெல்லியில் ‘பிஞ்ரா தோட்’ இயக்கம் எழுந்தது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022ல் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வாசலில் அட்டை தட்டும் கருவி வந்தால் என்ன ஆகும்? வார்டனின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கட்டுப்பாடு நொடிக் கணக்கில் துல்லியமாகும். உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும்.

பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். பாதுகாப்பு வேண்டியதுதான்; முன்பின் தெரியாதவர் விடுதிக்குள் நுழையாமல் தடுக்கும் பூட்டு எந்தப் பெற்றோருக்கும் ஆறுதல். ஆனால் வெளியாளைத் தடுக்க, உள்ளே இருக்கும் மாணவியின் ஒவ்வொரு நடையையும் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கத் தேவையில்லை. கதவு திறந்தால் போதும். விபத்தோ திருட்டோ நடந்தால் பார்க்கச் சில வாரப் பதிவு போதும். அதற்கு மேல் வைத்திருப்பது கண்காணிப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ல் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அதற்கே பயன்படுத்த வேண்டும், நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கல்லூரிகள் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. இந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. முதலாண்டில் சேரும்போது நம் பிள்ளைகளில் பலருக்கு வயது 17. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளோ, கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கின் எல்லை எது என்பதைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே இஷ்டப்படி வரைந்துகொள்ளக் கூடாது.

―――――――――――――
பெட்டிச் செய்தி

அட்டையை வாங்கும்போது கேளுங்கள்

* தட்டல் பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்?

* துறைத் தலைவர், வார்டன், பெற்றோர், காவல்துறை ஆகியோரில் யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம்?

* என் பதிவை நான் பார்க்க முடியுமா? வருகை தவறாகப் பதிவானால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்?

* வங்கிக் கணக்குத் தொடங்காமல் அட்டை மட்டும் பெற முடியுமா?

* அட்டை தொலைந்தால் இரவிலும் உடனே முடக்க எண் உண்டா? மாற்று அட்டைக்கு எவ்வளவு?

* விரல்ரேகை, முக அடையாளம் தர விரும்பாதவருக்கு வேறு வழி என்ன?
―――――――――――――

முதலில் விதி, பிறகு அட்டை

நான்ஜிங்கின் 301 மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டதும், பிரான்ஸில் ஏழை மாணவரின் மானம் காத்ததும் இந்த அட்டைதான். ஆகவே அட்டையே வேண்டாம் என்பது தீர்வாகாது. அங்கெல்லாம் பதிவை ஒரே நோக்கத்துக்காக, மாணவருக்கு நன்மை தருவதற்காகப் படித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயை மாணவர்களின் வங்கிக் கணக்கில் நேராகச் சேர்க்கும் தமிழ்நாட்டுக்கு, கேட்காமலே உதவும் இந்த வழி புதிதாக இருக்காது. கல்லூரி விடுதிகளில் மெஸ் பாக்கி கட்ட முடியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க நம்மிடமும் ஒரு வழி இருக்க வேண்டும்.

செய்யும் வரிசைதான் முக்கியம். அட்டைக்கு டெண்டர் விடும் முன், எந்தப் பதிவு எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் பார்வைக்கு என்பதை மாணவர் பிரதிநிதிகளும் உட்கார்ந்த கூட்டத்தில் முடிவு செய்து, அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வங்கியோடும் மென்பொருள் நிறுவனத்தோடும் போடும் ஒப்பந்தத்தையும் கூடவே வெளியிட வேண்டும். வெளியிடாத அரசுப் பல்கலைக்கழகங்களிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் யாரும் மனுப் போட்டுக் கேட்கலாம். இந்தக் கல்வியாண்டில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறதென்றால், அந்த மனுவை நீங்களே எழுதுங்கள்.